நாக்கை நம்பலாமா?

மாணவர்களே, காட்டாமணக்குச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயல் வரப்பிலும் வேலியிலும் வளரும். ஆடுமாடுகள் கடிப்பதில்லை என்பதற்காகவே அதை வேலியாக வைத்தார்கள். 2003-ஆம் ஆண்டு மத்தியத் திட்டக்குழு இதன் விதையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று பரிந்துரை செய்தபின், தரிசு நிலங்களிலும் நட்டார்கள். இதன் காய் முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் கருமை. உள்ளே பெரும்பாலும் மூன்று கறுப்பு விதைகள். ஓட்டை நீக்கினால் வெள்ளைப் பருப்பு. தின்றவர்கள், ‘மல்லாட்டை மாதிரி இருந்தது’ என்பார்கள்.

சிக்கலே அங்குதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பருப்பைத் தின்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போன செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. மூன்று நான்கு விதைகளே போதும். அதில் குர்சின் என்ற நச்சுப் புரதமும், போர்பால் எஸ்டர் என்ற வேறொரு நச்சும் உள்ளன. குர்சின் சூட்டில் கெட்டுவிடும். போர்பால் எஸ்டர் அசையாது. ஆகவே வறுத்துத் தின்றாலும் தப்ப முடியாது. கசப்பு விஷத்தின் அடையாளம், இனிப்பு உணவின் அடையாளம் என்று நாக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு பல இடங்களில் சரி, இங்கே தவறு. வெப்பத்தைக் கையால் தொட்டுச் சொல்வது போலத்தான் இதுவும். அளவுகோல் வேறு வேண்டும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் நல்ல உதாரணம் முந்திரி. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம், பண்ருட்டிச் செம்மண்ணில் வேரூன்றிவிட்டது. முந்திரிப்பழத்தில் வைட்டமின் ‘சி’ ஆரஞ்சைவிட நான்கைந்து மடங்கு அதிகம். டானின் இருப்பதால் தொண்டை காறும். உப்புத் தொட்டுத் தின்பது அதற்காகத்தான். அதே பழத்தின் நுனியில் தொங்கும் கொட்டையைப் பச்சையாகப் பல்லால் கடித்துப் பாருங்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். தோட்டிலுள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உள்ளன. உதடு வெந்து கொப்புளம் எழும். ஒரே காம்பில் உணவும் நஞ்சும்! ‘இந்த மரம் நல்லது, அந்த மரம் கெட்டது’ என்று பிரிப்பது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த மரத்தைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் சில காலம் பார்வையே போய்விடும். படகில் போகும்போது கிளையை ஒடிக்காதீர்கள்.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. காட்டுக் கனிகள் மனிதரைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1939-40இல், இன்றைய ஹரியானாவிலுள்ள ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம். காய்கறியே இல்லாமல் மக்களுக்கு ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்டது. அவர்களுக்கு நெல்லிக்காய் கொடுத்தார்கள், நோய் தணிந்தது. நெல்லியின் வைட்டமின் ‘சி’ அளவை ஆராய்ந்தவர்களுள் நம் குன்னூர் ஆய்வுக்கூடத்தாரும் உண்டு. 1918இல் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கு தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனத்தின் பழைய அட்டவணை 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ என்றது. 2017 அட்டவணையில் சுமார் 250தான். எது சரி? இரகம், பறித்து எத்தனை நாள், அளந்த முறை ஆகியவற்றால் எண் மாறும். அட்டவணையில் அச்சான எண்ணைக் கல்வெட்டாக எண்ணக்கூடாது.

நல்ல பழம்கூட நேரம் தவறினால் கெடுதல் செய்யும். பீகாரின் முசாபர்பூரில் கோடைதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து விழுந்தார்கள், பலர் இறந்தனர். 2014இல் இந்திய, அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்கள் சேர்ந்து ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டன. லிச்சிப் பழத்திலுள்ள ஹைபோகிளைசின் போன்ற பொருள்கள், உடல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கின்றன. இரவில் வயிறாரச் சாப்பிட்ட குழந்தைக்கு அது பெரிய கேடு செய்யவில்லை. பகலெல்லாம் தோப்பில் பழம் தின்றுவிட்டு, இரவு சோறில்லாமல் படுத்த ஏழைக் குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்தது. பழத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

‘பறவை தின்றால் நாமும் தின்னலாம்’ என்பார்கள். கிளி மிளகாயைத் தின்கிறது. அதற்குக் காரமே உறைப்பதில்லை. பல பறவைகள் விதையை முழுதாக விழுங்கிக் கழித்துவிடும். குன்றிமணியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டான் பொன் நிறுத்த அந்த 0.12 கிராம் விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் போனால் பெரும்பாலும் தப்பலாம். மென்றாலோ, ஊசியால் துளையிட்டிருந்தாலோ ஆபத்து.

யாராவது தெரியாததைத் தின்றுவிட்டால், கட்டாயப்படுத்தி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மீதிக் காயையும் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு, 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்தக் கிளை பாதி வேலையை முடித்துத் தரும்.

நாவல், களா, ஈச்சை, இலந்தை போன்ற, ஊரார் தலைமுறையாகத் தின்னும் கனிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்யலாம். சோற்றுக் கஞ்சியில் நிறையத் தண்ணீர் கலந்து, புண்ணுக்குத் தடவும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். நீலமாகும். அதில் நெல்லிச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலம் மறைகிறது என்று எண்ணுங்கள். அதே அளவு கஞ்சியில் எலுமிச்சை, முந்திரிப்பழம், களா என்று மாற்றிப் பாருங்கள். குறைந்த சொட்டில் மறைந்தால் வைட்டமின் ‘சி’ அதிகம் என்று ஏறத்தாழச் சொல்லலாம். ஏறத்தாழத்தான், டானின் போன்றவையும் அயோடினோடு கொஞ்சம் விளையாடும். நாவல் சாற்றின் நிறமே கண்ணை மறைக்கும், அதை நன்றாக நீர்க்க வேண்டும். சோதித்த நீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.