காந்தம் தளர்ந்தால்...



சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திருவருளின் முன்னிலையில் உயிர்கள் செயற்படுவதற்குக் காந்தத்தின் முன் இரும்பு அசைவதை மெய்கண்டார் உவமையாக்குகிறார். அதனைக் கண்ணாற் காட்டவென்று எங்கள் வீட்டு லாடக் காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன்.

1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை அங்கே தொழில் செய்த அப்பப்பாவின் காந்தம் அது. பின்னர் உட்துறைமுக வீதியில் அப்பாவின் பட்டறையில் இரும்புத்தூள் பொறுக்கியது. அன்றோ ஓர் ஊசியைக்கூடத் தூக்கவில்லை.

"சேர், காந்தமே தளர்ந்தால் உவமை என்னாகும்?" என்றாள் ஒரு மாணவி. எனக்கு மறுமொழி வரவில்லை.

உருக்கினுள் எண்ணற்ற நுண்பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். அவை ஒரே திசையில் அணிவகுத்தால் வலிமை. திசைக்கொன்றாய்த் திரும்பினால் தளர்ச்சி. அடியும் சூடும் அந்த அணியைக் குலைக்கும். நெருப்பிற் காய்ச்சிய காந்தம் கவர்ச்சியை இழக்கும் என்று வில்லியம் கில்பேர்ட் 1600இலேயே எழுதினார். எங்கள் காந்தத்தின் இரு முனைகளையும் இணைத்துக் காக்கும் மெல்லிரும்புத் துண்டு தொலைந்து பல காலம். ஆணிப் பெட்டிக்குள் அதனைப் போட்டு உருட்டியவனும் நானே.

மீட்கும் வழி எளிது. முதலில் திசையறிகருவியால் முனைகளை அறிய வேண்டும்; ஊசியின் வடமுனையை இழுப்பது தென்முனை. பழைய வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வலிய காந்தத்தை எடுத்தேன். அதன் வடமுனையால், லாடத்தின் வளைவிலிருந்து தென்முனை வரை ஒரே திசையில் தேய்த்தேன். முனையை அடைந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, மீண்டும் வளைவில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பயனில்லை. மற்றக் கையைத் தென்முனையால் அவ்வாறே தேய்த்தேன். பழைய உருக்குக் காந்தத்துக்கு இது போதும். அல்னிக்கோ போன்ற பிற்காலக் கலப்புலோகக் காந்தங்களுக்கு வலிய மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் வேண்டும்.

பல தடவை தேய்த்தபின் அது பட்டறைச் சாவிக்கொத்தைத் தூக்கியது. அப்பா பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் வகுப்பில், "அது ஒருபுடை உவமை பிள்ளை. இரும்பு எதனால் அசைகிறது என்பதே அங்கு பேச்சு, காந்தம் தளருமா என்பதன்று" என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "தளர்ந்த காந்தமும் வலிய காந்தத்தின் முன் இரும்புதானே, சேர்?"

மெய்கண்டாரின் உவமையை அன்று எனக்கு விளங்கவைத்தவள் அவள்தான். காந்தம் இப்போது, முனைகளில் ஒரு மெல்லிரும்புத் துண்டுடன், என் மேசையில் இருக்கிறது.