சித்தேரி நாய்க்குப் பொடி வேண்டாம், பூச்சி மருந்து வேண்டும்

சித்தேரி மலையில் நாய்க்கு வேலை உண்டு. சாமைக் கொல்லையில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அது. ஆட்டுப்பட்டிக்குக் காவலும் அதுதான். கூலி, வீட்டில் மிஞ்சிய களி. இவ்வளவு வேலை செய்யும் நாயின் குட்டிகளில் எத்தனை மூன்று மாதத்தைத் தாண்டுகின்றன என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. வயிறு உப்பி, ஈறு வெளுத்து, ஒருநாள் ரத்தமாகக் கழிந்து செத்துப்போனால் "சீக்கு வந்துருச்சு" என்ற ஒரே சொல்லோடு குழி தோண்டிவிடுகிறார்கள்.

அந்தச் சீக்கு பெரும்பாலும் குடலில் தொடங்குகிறது. நாயின் உடம்பில் நோயை எதிர்க்கும் அணுக்களின் பெரும்பகுதி குடல்சுவரை ஒட்டித்தான் குடியிருக்கிறது. தின்னும் சோறு, நக்கும் மண், குடிக்கும் குட்டைத் தண்ணீர் எல்லாம் முதலில் தொடுவது அந்தச் சுவரைத்தான். எது உணவு, எது எதிரி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே உருவாகிறது. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதற்குத் துணை. அவை குலைந்தால் கழிச்சல் மட்டும் வருவதில்லை. உடம்பின் தற்காப்பும் தளர்கிறது.

குட்டி பிறந்த முதல் நாளிலேயே இது தொடங்கிவிடுகிறது. தாயின் சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான். அதற்குப்பின் அந்த வழி மூடிக்கொள்ளும். பிறந்த உடனே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் மாட்டுப்பால் ஊற்றி வளர்ப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். தாயின் வயிறு காய்ந்திருந்தால் சீம்பாலும் குறையும். சினை நாய்க்கு நல்ல தீனி போடுவதும் குட்டிக்கான வைத்தியம்தான்.

அதே தாய்வழியாகத்தான் புழுவும் வருகிறது. உருண்டைப்புழு கருப்பையிலேயே குட்டிக்குத் தொற்றும். கொக்கிப்புழு பாலில் வரும். கொக்கிப்புழு குடல்சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிறது. அது கவ்விய இடம் புண்ணாகிக் கசிகிறது. குட்டியின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காத்திருக்க நேரமில்லை. கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: பிறந்த 2, 4, 6, 8ஆவது வாரங்களில் பூச்சி மருந்து, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் குட்டிக்குக் கொடுத்தது வீண்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையையோ, ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தையோ நாயின் வாயில் ஊற்றிவிடுவது. அல்பெண்டசோலைத் தொடர்ந்து கொடுத்தால் நாயின் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படக்கூடும். வெள்ளணுக்கள் உருவாவது அங்கேதான். எதிர்ப்புச் சக்தியைக் காக்கப்போய் அதன் வேரையே வெட்டுவதாகிவிடும். பைரண்டெல், ஃபென்பெண்டசோல் என்று நாய்க்கேற்ற மருந்துகள் இருக்கின்றன. விலையும் கையைக் கடிக்காது.

அடுத்தது நாயைவிட மனிதரை அதிகம் வருத்தும் சங்கதி. திருவிழாவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஆடு அறுக்கும்போது, ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அந்தத் துண்டை அறுத்து நாய்க்கு எறிகிறோம். அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் வளரும்; மலத்தில் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நாய்க்கும் பெரிய தொந்தரவு இருக்காது. ஆனால் அதன் முட்டை மண்ணிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு, கையோடு மனிதர் வாய்க்குள் போனால், ஈரலில் கட்டியாகப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும். அறுவை சிகிச்சை வரை போகும். ஆடு, நாய், பிள்ளைகள் மூவரும் ஒரே வாசலில் புரளும் ஊரில் இது யோசிக்க வேண்டிய விஷயம். கழிவு ஈரலை நன்றாக வேகவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மருத்துவரிடம் பூச்சி மருந்து கேட்கும்போது "இது நாடாப்புழுவுக்கும் கேட்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்து வேண்டும். சாதாரணப் பூச்சி மருந்து பல சமயம் போதாது. உருண்டைப்புழுவின் முட்டையும் மண்ணில் நெடுநாள் கிடந்து பிள்ளைகளின் கண்ணையும் ஈரலையும் தாக்கக்கூடியது. அதனால் நாயின் மலத்தை மண்வெட்டியால் அள்ளிப் புதைப்பதும் குடல் வைத்தியத்தில் சேர்த்திதான்.

ரத்தக் கழிச்சலுக்கு வருவோம். அதை உண்டாக்கும் பார்வோ வைரஸ் 1978 வாக்கில்தான் உலகில் நாய்களிடம் தலைகாட்டியது; 1980களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது அதன் குணம். குடலின் உட்பூச்சும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. சுவரும் இடிகிறது, காவலும் சாய்கிறது. குடலில் சாதுவாக இருந்த கிருமிகள்கூட ரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. சிகிச்சை இல்லாத குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இறந்துவிடும். சிகிச்சை என்றால் முக்கியமாக நரம்பு வழியாக ஏற்றும் திரவம், வாந்திக்கான மருந்து, கண்காணிப்பு. வேப்பிலையை அரைத்து ஊற்றுவது சிகிச்சை ஆகாது. வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், செத்த குட்டி கிடந்த அதே மூலையில் புதுக்குட்டியைக் கட்டக்கூடாது. சோப்பு அதைக் கொல்லாது. சலவைக்குப் பயன்படும் பிளீச்சிங் திரவம் கொல்லும்.

தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புப் புரதம் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது அடித்து நொறுக்கிவிடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறையாக, 16 வாரம்வரை போடச்சொல்கிறார்கள். "ஒரு ஊசி போட்டோமே, அப்படியும் செத்துப்போச்சே" என்ற ஆதங்கத்துக்குப் பதில் இதில் இருக்கிறது. மலையிலிருந்து அரூருக்குப் பலமுறை இறங்கி ஏற முடியாதவர்களுக்கு உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கம் ஒரு வழி சொல்கிறது: ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் 16 வாரம் நிறைந்த பிறகு போடுங்கள். அதுவரை குட்டியை ஊர்சுற்ற விடாமல் வைத்திருக்க வேண்டியது உங்கள் பாடு.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். வெயிலில் சட்டைப்பையில் ஏறி வந்த மருந்தில் ஊசிதான் குத்தும், பலன் இருக்காது. குப்பி ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பதும், காலாவதி தேதியைப் படித்துக்காட்டச் சொல்வதும், குப்பியின் ஒட்டுச்சீட்டைத் தேதியோடு அட்டையில் ஒட்டித் தரக் கேட்பதும் உங்கள் உரிமை. யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தீனி விஷயத்தில் சித்தேரிக்காரர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. "நாய் மாமிசம் தின்கிற பிராணி, களி போடக்கூடாது" என்று பட்டணத்துப் பேச்சு ஒன்று உண்டு. 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயில் இரண்டுதான், நாயில் 4 முதல் 30 வரை என்று காட்டியது. மனிதன் வயல் பக்கம் ஒதுங்கிய நாயின் குடலும் கூடவே மாறிவிட்டது. கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் வெந்திருந்தால் நாய்க்குச் செரிக்கும். குறை, அதில் புரதம் போதாது என்பதுதான். வேகவைத்த முட்டை, கோழிக் குடல் ஈரல், சுத்தம் செய்து அவித்த ஆட்டுக்குடல் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். உப்பில்லாத மோர் கொஞ்சம் ஊற்றலாம். வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். கருவாட்டுக் குழம்பு உப்பும் வெங்காயமும் சேர்ந்தது. வேகாத மரவள்ளியிலும் அதன் தோலிலும் சயனைடு நஞ்சு உண்டு.

சாதாரணக் கழிச்சலுக்கு மெடிக்கல் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போடுவது இன்று கை வைத்தியம்போல் ஆகிவிட்டது. ஆரோக்கியமான நாய்க்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் சில நாய்களின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்கு வரவில்லை. நன்றாக ஓடித்திரியும் பெரிய நாய்க்கு இரண்டு தடவை இளகிப்போனால், சுத்தமான தண்ணீரும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ரத்தம், தொடர் வாந்தி, தண்ணீர் குடிக்க மறுப்பது, குட்டியாக இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் ஒருபோதும் கூடாது. நாயின் இரைப்பையில் ஓட்டை போட்டுவிடும்.

இப்போது கடைகளில் "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று எழுதிய புரோபயாடிக் பொடிகள் வந்திருக்கின்றன. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். 2003இல் வெளியான ஒரு ஆய்வில், என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற நுண்ணுயிரின் ஒரு வகையைத் தின்று வளர்ந்த குட்டிகளின் குடலில் காப்புப் புரதம் கூடியது. டிஸ்டம்பர் என்ற நாய் நோய்க்கான தடுப்பூசிக்கும் உடம்பு நன்றாகப் பதில் சொன்னது. ஆனால் அது சில குட்டிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, செய்தவர்கள் நாய்த்தீனி விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும் குடலில் அந்தப் பொடியைக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பார்வோவைத் தடுக்கும், ஊசி தேவையில்லை என்று யாராவது சொல்லி விற்றால் பில் வாங்கி வையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தண்டிக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமில்லை.

சட்டம் வளர்ப்பவரையும் சும்மா விடவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, போதிய உணவும் தண்ணீரும் இடமும் தராமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. முதல்முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்! அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய காசு, இன்னும் மாறவில்லை. நாய்க்கு விஷம் வைப்பதோ வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை.

கேட்டு வாங்க வேண்டியவை மறுபக்கம் இருக்கின்றன. அரசு கால்நடை மருந்தகம் ஆடுமாட்டுக்கு மட்டும் கட்டியதல்ல, நாயையும் காட்டலாம். 1962 என்ற கட்டணமில்லா எண் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. அது ஊருக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போங்கள். சிக்கலான நோய்க்கு நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டிப் பல மாவட்டங்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.

முகாம் அரூரோடு நின்றுவிட்டால் கிராம சபையில் பேசுங்கள். மழைக்காலத்தை ஒட்டித்தான் குட்டிகள் அதிகம் பிறக்கும். அதற்கு முன்னால் வருவது அக்டோபர் 2 கூட்டம். "சித்தேரி ஊராட்சியின் மலைக் குக்கிராமங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை நாய்களுக்குப் பூச்சி மருந்து, வெறிநோய் ஊசி முகாம் நடத்த வேண்டும், தடுப்பூசி ஐஸ் பெட்டியில் வர வேண்டும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முகாம் வராவிட்டால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் கேட்கும்போது அந்த மனு எண் தேவைப்படும்.