ஏலமலையும் ஒரு திரைப்படமும்

போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கடைகளிலே மணம் கமழக் குவிந்து கிடக்கும் காய்களைக் காண்போர் பலர். அவை மலையினின்று இறங்கி வந்த வழியை எண்ணுவோர் சிலரே. வண்டி செல்லாத செங்குத்தான சரிவுகளில் மூட்டை சுமந்து நடந்த கூலியாட்களின் வாழ்வைக் காட்டுகின்றது, 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்னும் திரைப்படம். இயக்கியவர் லெனின் பாரதி. தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. இசை, இம்மாவட்டத்துப் பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா.

கதைத் தலைவனாகத் தோன்றும் ஆண்டனி அந்நாளில் புகழ்பெற்ற நடிகர் அல்லர். பெயர்பெற்ற நடிகர் இல்லாத படங்கள் கொட்டகைகளில் நெடுநாள் தங்குவது அரிது. ஆதலின், மாணவர்களே, இத்தகைய படங்களை நாமே தேடிக் காணல் வேண்டும்.

சுமைகூலி ரங்கசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும், கதை அவ்வளவே. முற்பகுதியில் மக்கள் நடக்கின்றனர், இளைப்பாறுகின்றனர், பேசிக்கொள்கின்றனர். விரைவை விரும்புவோர்க்கு இது சலிப்பூட்டலாம். எனக்கோ அதுவே படத்தின் உயிர்ப்பகுதி. அந்நடையை உடனிருந்து கண்டவர்க்கே நிலத்தின் விலை விளங்கும். ரங்கசாமி நிலத்தைப் பெறுகின்றான், பின்பு இழக்கின்றான். படம் முடியுங்கால், தனதாய் இருந்த அம்மண்ணிலே எழுந்து நிற்கும் காற்றாலைக்கு அவன் காவற்காரன்.