உளுந்துக்குக் கோழி எரு போடலாமா?

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில், கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் எரு குவிகிறது. தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் அதைத் தயங்காமல் போடும் விவசாயிகள், உளுந்து, பாசிப்பயறு என்று வந்ததும் யோசிக்கிறார்கள். செடி தழைத்துக்கொண்டே போகும், காய் பிடிக்காது என்ற பயம்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பயறுச் செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி இந்தச் செலவைச் செய்வதில்லை, முடிச்சுகள் குறைந்துவிடும். மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம்தான். கோழி எருவிலோ சுமார் 3 சதவீதம்.

பிறகு எதற்காகப் போடுவது? மணிச்சத்துக்காக. வேர்முடிச்சு உருவாகவும் வேலை செய்யவும் மணிச்சத்து கட்டாயம் வேண்டும். கோழி எருவில் அது சுமார் 2.6 சதவீதம் இருக்கிறது. முட்டை ஓட்டுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதியும் எருவோடு வந்துவிடுவதால், புளிப்பு மண்ணில் விளையும் பயறுக்கு அது கூடுதல் நன்மை.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. இறவை உளுந்துக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து. ஏக்கருக்குக் கணக்கிட்டால் முறையே 10, 20 கிலோ. நன்றாகக் காய்ந்த எருவில் முக்கால் டன் போட்டாலே அந்த 20 கிலோ மணிச்சத்து வந்துவிடுகிறது. கூடவே 22 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் வருகிறது! அது முழுவதும் ஒரே பருவத்தில் கரையாது என்பது உண்மைதான். ஆனாலும் ஏக்கருக்கு இரண்டு, மூன்று டன் கொட்டுவது பயறுக்குச் செய்யும் கெடுதல். அரை டன் போட்டு, மீதி மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பச்சை எருவை அப்படியே வயலில் போடக்கூடாது. அதிலுள்ள யூரிக் அமிலம் அம்மோனியாவாக மாறும்போது இளம் வேர் கருகும். ஈயும் மொய்க்கும், நோய்க்கிருமிகளும் தங்கும். தென்னை நார்க்கழிவோ வைக்கோலோ கலந்து, ஈரம் காத்து, கிளறிவிட்டு மக்கவைத்தால் சூடு கிளம்பி அடங்கும், நெடியும் போகும். திறந்தவெளியில் குவித்து வைத்தால் ஒரே மாதத்தில் தழைச்சத்தில் பாதி வரை காற்றோடு போய்விடும் என்பதால், குவியலை மூடிவைப்பது அவசியம். மக்கிய எருவைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிட்டு, விதையை ரைசோபியத்தில் நேர்த்தி செய்து விதைக்கலாம்.

காவிரிப் படுகையில் இன்னொரு வழி இருக்கிறது. அங்கே நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்து விதைக்கிறார்கள். உழவே கிடையாது, அடியுரத்துக்கும் இடமில்லை. ஆகவே எருவை நெல்லுக்கே போட வேண்டும். தழைச்சத்தில் பெரும்பங்கை நெல் எடுத்துக்கொள்ளும். மண்ணில் தங்கும் மணிச்சத்து உளுந்துக்கு உதவும். பயறுக்கும் கோழி எருவுக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

விதைத்து ஒரு மாதம் ஆனதும் இரண்டு மூன்று செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. முடிச்சே அரிதாக இருந்து செடி மட்டும் கரும்பச்சையாகத் தழைத்திருந்தால், அடுத்த பருவத்தில் எருவைக் குறையுங்கள். மண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.