திவசக் காய்க்குக் குளிர் ஆகாது

“ஃபிரிட்ஜில்தானே வைத்தேன், அப்புறம் எப்படிக் கெட்டுப்போச்சு?” காய்கறிப் பேச்சு எடுத்தால் டீ வருவதற்குள் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். வெண்டைக்காயில் கரும்புள்ளி. கத்தரிக்காயை அரிந்தால் உள்ளே விதையெல்லாம் பழுப்பு. வெள்ளரியின் மேல் சின்னச் சின்னப் பள்ளம், தொட்டால் பிசுபிசுப்பு. பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்று பழி கடைக்காரர் மேல் போகும். பல நேரம் அவர் மேல் தப்பே இருக்காது. அந்தக் காய் ஃபிரிட்ஜில் வைத்ததால்தான் கெட்டிருக்கும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செடியிலிருந்து பறித்ததும் காய்க்கு உயிர் போய்விடுவதில்லை. அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயுவையும் ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடுகிறது. செடியில் இருந்தவரை வேர் தண்ணீர் கொடுத்தது, இலை சர்க்கரை கொடுத்தது. இப்போது வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். மே மாதச் சமையலறையில் கீரை ஒரே பகலில் துவண்டு விழுவது இதனால்தான். ஆகவே குளிர் நல்லதுதான், ஆனால் ஓர் எல்லை வரை. அந்த எல்லை காய்க்குக் காய் மாறுகிறது.

வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே சுமார் 4 டிகிரி இருக்கும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் அது சுகம். பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலும் அவை சந்தோஷமாக இருக்கும். வாழைப்பழத்துக்கோ 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. கத்தரி, வெண்டை, வெள்ளரி எல்லாம் 10 டிகிரிப் பக்கத்தில் இருக்க விரும்புபவை. வெயில் நாட்டுச் செடிகளின் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, கடுங்குளிரில் இளக்கம் இழந்து விறைத்துக் கசிய ஆரம்பிக்கிறது. தனித்தனியாக இருக்க வேண்டிய சாறுகள் கலக்கின்றன. தோல் கறுக்கிறது, புள்ளி விழுகிறது. வெளியே எடுத்து வைத்ததும் பூஞ்சை அந்த இடத்தில்தான் முதலில் உட்காரும்.

எந்தக் காய் எந்த ரகம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பல வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகவே இருக்கிறது. திவசச் சமையலில் இங்கிலீஷ் காய் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தைத்தான் சொல்கிறேன். எல்லா வீட்டிலும் கிடையாது, ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். ஆனாலும் வாழைக்காய், பாகல், புடலை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வெள்ளரி என்று அன்றைக்கு இலையில் விழுபவற்றைப் பாருங்கள்: அத்தனையும் குளிருக்கு அஞ்சுபவை. ஒதுக்கி வைக்கும் கேரட், பீட்ரூட், கோஸ், காலிஃப்ளவர், நூக்கோல் எல்லாம் குளிர்ப் பிரதேசத்துச் செடிகள். 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளை நீலகிரியில் பயிரிடச் செய்தார். அந்த மலைக்காய்கள் இன்றும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி வருகின்றன. ஃபிரிட்ஜை மனதில் வைத்து எந்தச் சாஸ்திரிகளும் பட்டியல் போடவில்லை. இருந்தாலும் ஃபிரிட்ஜ் கம்பெனிக்காரர் கொடுக்கும் கையேட்டைவிட இது உருப்படியான வழிகாட்டி என்பது என் கட்சி.

விதிவிலக்கு உண்டு. தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு மூன்றும் பாட்டிக்கு இங்கிலீஷ் காய்தான், ஆனால் அந்தக் கணக்கில் அடங்காதவை. தக்காளியைக் காயாக ஃபிரிட்ஜில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்காது; பழமாக வைத்தால் மணம் போய்விடும். இதை 2016இல் புளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மரபணு வரை துருவிப் பார்த்தார்கள். குளிரில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில வேலை நிறுத்தம் செய்துவிடுகின்றன, ஒரு வாரக் குளிருக்குப் பிறகு வெளியே வைத்தாலும் பழைய வாசனை முழுசாகத் திரும்பவில்லை. ரசம் வைப்பவர்கள் மேடையிலேயே, காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு வைக்கலாம். தக்காளியின் ஈரம் பெரும்பாலும் அந்தக் காம்பு வடு வழியாகத்தான் வெளியேறுகிறது.

சரி, 36 டிகிரி அடுப்படியில் வெண்டைக்காயை எங்கே வைப்பது? நியாயமான கேள்வி. வெளியே வைத்தால் மறுநாளே சுருங்கும். குளிரின் கெடுதல் ஒரு ராத்திரியில் வருவதில்லை, நாள் செல்லச் செல்லக் கூடுவது. துடைத்து, துணிப்பையில் போட்டு, ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த கதவுப் பக்கமாக வைத்து, இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போய்வந்தால் அன்றே கீரை, அடுத்து வெண்டை, கத்தரி, புடலை. கேரட்டும் கோசும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும். காய்கறி வீணாவதைக் குறைக்க, சமையல் வரிசையை மாற்றுவதைவிடப் பெரிய கருவி எதையும் நான் பார்த்ததில்லை. விலை கூடிய டப்பாக்கள் உட்பட.

ஈரத்தின் கதை வேறு. காய்க்குள் ஈரம் இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது. வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் அலம்பி அடுக்குவது பார்க்க அழகு, ஆனால் அழுகலுக்கு அதுதான் அழைப்பு. சமைக்கும் முன் அலம்பினால் போதும். பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டு வைத்தால் உள்ளே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறதே, அது காய் விட்ட மூச்சின் ஈரம். பையில் நாலு ஓட்டை போடுங்கள். கொத்தமல்லி, புதினாவை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைக்கலாம். செய்தித்தாள் வேண்டாம்: அச்சு மை உணவில் ஒட்டும் என்று 2016இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். முள்ளங்கி, பீட்ரூட்டின் தழையை வந்தவுடன் நறுக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் கிழங்கிலிருக்கும் தண்ணீரை இலை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். முள்ளங்கிக் கீரையை அன்றைக்கே பொரியல் செய்துவிடலாம்.

இனி அக்கம்பக்கத்துச் சகவாசம். மாங்காயை அரிசிப் பானையில் புதைத்தால் பழுப்பது நமக்குத் தெரிந்ததுதான். பழுக்கும்போது பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது; பானையில் அது சிதறாமல் தேங்கி, பழத்தை மேலும் பழுக்கவைக்கிறது. 1901இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்பவர் விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டார். செடியே அதை உண்டாக்குகிறது என்பது 1934இல் உறுதியானது. இந்த வாயு பானையில் உதவி, காய்கறி டிராயரில் உபத்திரவம். ஆப்பிள் பக்கத்தில் கிடந்த கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகும், கத்தரிக்காயின் தொப்பி கழன்று விழும். பழுத்த மாம்பழம், பப்பாளி, கொய்யாவைத் தனித் தட்டில் வையுங்கள். திராட்சை, மாதுளை, ஆரஞ்சுக்கு இந்தப் பழுக்கும் வேலையே கிடையாது. பறித்த பிறகு அவற்றில் இனிப்பு ஏறுவதில்லை, புளித்த திராட்சைக்குக் காத்திருந்து பயனில்லை.

உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாகும். வறுவல் சீக்கிரம் கறுக்கும், அதிகச் சூட்டில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். வெளியே, இருட்டான மூங்கில் கூடையில் இருக்கட்டும். வெங்காயம் வேறு கூடையில், காற்றோட்டமாக. கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைவிடும். வெளிச்சம் பட்டுத் தோல் லேசாகப் பச்சையான கிழங்கைத் தாராளமாகச் செதுக்கிவிட்டு மீதியைச் சமைக்கலாம். பச்சை உள்ளே இறங்கியிருந்தாலோ, வாயில் வைத்தால் கசந்தாலோ, சொலனின் நஞ்சு சேர்ந்திருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. அந்தக் கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.