சிறு படைப்புத் தொழிலில் ஆண்டு இலக்கும் கண்காணிப்பும்

சிறு படைப்புத் தொழிலில் ஆண்டு இலக்கு என்பது, தனி ஒருவரோ ஒரு குடும்பமோ வடிவமைப்புத் திறனை முதலாகக் கொண்டு நடத்தும் தொழில், ஓர் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய வருமானம், உற்பத்தி, புதிய வடிவமைப்பு, சேமிப்பு ஆகியவற்றை எண்ணாகவும் காலமாகவும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதைக் குறிக்கும். அந்த எண்களை வாரம், மாதம், காலாண்டு என்ற இடைவெளிகளில் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துவது கண்காணிப்பு எனப்படும். இக்கட்டுரை திருப்பூர் மாவட்டம் குண்டடம் வட்டாரத்தில் நடத்தக்கூடிய ஒரு சிறிய பின்னலாடை அச்சுத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்புலம்

குண்டடம், திருப்பூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 2009-ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. மழை குறைந்த இவ்வட்டாரத்தில் மானாவாரி வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் பழைய தொழில்கள். பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் இங்குள்ள பல குடும்பங்களின் வருமானம் திருப்பூரைச் சார்ந்ததாக மாறியது. பனியன் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் தையல், அச்சு, பேட்டர்ன் ஆகியவற்றைக் கற்றவர்கள் ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகச் சிறு பட்டறை வைப்பது இப்பகுதி முழுவதும் காணப்படும் வழக்கம்.

இத்தகைய பட்டறைகளுக்குத் திருப்பூர் அருகில் இருப்பது பெரும் வசதி. துணி, தையல் கூலிக்குச் செய்து தரும் பவர்டேபிள், அச்சுப் பசை, ஸ்கிரீன், பாலிதீன் பை எல்லாம் அங்கேயே கிடைக்கும். காதர்பேட்டை மொத்தச் சந்தைக்கு வெளிமாநில வியாபாரிகளும் வருகின்றனர். அதே அருகாமைதான் சிக்கலும்கூட. ஒரே மாதிரியான டி-சர்ட்டை இன்னும் குறைந்த விலைக்குத் தரும் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். ஆகவே சிறு பட்டறை விலையை மட்டும் நம்பி நிலைக்க முடியாது. தன் வடிவமைப்பையும் தன் கணக்கையும் நம்பியே நிலைக்க முடியும்.

கருத்தின் வரலாறு

இலக்கு வைத்து நிருவகிக்கும் முறையைப் பரவலாக அறியச் செய்தவர் பீட்டர் டிரக்கர். 1954-இல் வெளியான அவரது நிருவாகவியல் நூலில் இம்முறை விளக்கப்பட்டது. 1968-இல் உளவியலாளர் எட்வின் லாக், தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு உள்ளவர்கள் "முடிந்ததைச் செய்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிடக் கூடுதலாகச் செயல்படுகின்றனர் என ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னர் கேரி லேதமுடன் சேர்ந்து 1990-இல் அதை விரிவான கோட்பாடாக வெளியிட்டார். இலக்கு எவ்வளவு முக்கியமோ, அதை நோக்கிய நிலையை அவ்வப்போது அறிவதும் அவ்வளவு முக்கியம் என்பது இக்கோட்பாட்டின் ஒரு பகுதி.

திருப்பூரின் சொந்த வரலாறும் இதற்கு ஒரு பாடம். 1980-களின் நடுப்பகுதியில் இந்நகரின் பின்னலாடை ஏற்றுமதி 20 கோடி ரூபாய்க்கும் குறைவு. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. ஏற்றுமதி பல ஆயிரம் கோடிகளாக வளர்ந்த நிலையில், 2020-ஆம் ஆண்டுக்குள் ஒரு இலட்சம் கோடி ரூபாய் என்ற இலக்கு தொழில்துறையினரால் முன்வைக்கப்பட்டது. ஆனால் 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி, 2020-இல் பெருந்தொற்று எனத் தொடர்ந்து இடையூறுகள் வந்தன. 2024-25 நிதியாண்டில்தான் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயை எட்டியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது அடுத்த இடையூறானது. பெரிய எண் ஊக்கம் தரும். ஆனால் வெளிச்சூழல் மாறும்போது என்ன செய்வது என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது.

இலக்கைக் கணக்கிடும் முறை

"இந்த ஆண்டு இருபது இலட்சத்துக்கு வியாபாரம் செய்ய வேண்டும்" என்று விற்றுமுதலிலிருந்து தொடங்குவது பொதுவான பழக்கம். விற்றுமுதல் பெரிதாக இருந்தும் கையில் பணம் நிற்காமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். குடும்பத்துக்குத் தேவையான தொகையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவதே பாதுகாப்பான முறை.

பின்வருவது விளக்கத்துக்காக அமைத்த கற்பனைக் கணக்கு. வரி சேர்க்கப்படவில்லை. குண்டடத்தில் ஒருவர் சிறுவர் டி-சர்ட்டுகளில் தம் சொந்த வடிவங்களை அச்சிட்டு விற்கிறார் எனக் கொள்வோம்.

ஆண்டுத் தேவை:
- குடும்பச் செலவுக்கு மாதம் 20,000 ரூபாய்: 2,40,000
- வாடகை, மின்சாரம், கடன் தவணை, உதவியாளர் சம்பளம் என மாதம் 20,000 ரூபாய்: 2,40,000
- எந்திரப் பழுது, புதிய ஸ்கிரீன், அவசரச் சேமிப்பு: 60,000
- மொத்தம்: 5,40,000

ஒரு டி-சர்ட்டின் கணக்கு:
- விற்பனை விலை: 180 ரூபாய்
- துணி 75, தையல் கூலி 25, அச்சுப் பொருள் 15, பை மற்றும் அனுப்பும் செலவு 20: மொத்தம் 135 ரூபாய்
- மிஞ்சுவது: 45 ரூபாய்

5,40,000-ஐ 45-ஆல் வகுத்தால் 12,000 பீஸ் வருகிறது. இதுவே ஆண்டு இலக்கு. இதன் விற்றுமுதல் 21,60,000 ரூபாய்.

இதே கணக்கிலிருந்து மூன்று படிகளை அமைக்கலாம். சுமார் 5,334 பீஸ் விற்றால் வாடகையும் தவணையும் கட்டலாம். பட்டறை மூடாது, ஆனால் வீட்டுக்கு ஒன்றும் வராது. சுமார் 10,667 பீஸில் குடும்பச் செலவு நிறைவேறும். 12,000 பீஸில் சேமிப்பும் சேரும். எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருப்பது, இலக்கை எட்டினோமா இல்லையா என்று மட்டும் தெரிந்திருப்பதைவிடப் பயனுள்ளது.

தள்ளுபடியின் விளைவும் இதில் தெரியும். வாங்குபவர் வெறும் 5 விழுக்காடு, அதாவது 9 ரூபாய் குறைக்கக் கேட்டால் அது சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் மிஞ்சுவது 45-லிருந்து 36 ரூபாயாகிறது. அதே 5,40,000 ரூபாய்க்கு இப்போது 15,000 பீஸ் விற்க வேண்டும். ஒன்பது ரூபாயை விட்டுக்கொடுத்ததற்கு 3,000 பீஸ் கூடுதல் உழைப்பு.

பருவத்துக்கேற்பப் பிரித்தல்

ஆண்டு இலக்கைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,000 பீஸ் என வைப்பது துணித்தொழிலுக்குப் பொருந்தாது. விற்பனை பள்ளித் திறப்பு, தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா எனப் பருவத்தோடு ஏறி இறங்கும். நிதியாண்டை ஒட்டி 12,000 பீஸை இவ்வாறு பிரிக்கலாம்:

- ஏப்ரல்–ஜூன்: 2,400
- ஜூலை–செப்டம்பர்: 3,000
- அக்டோபர்–டிசம்பர்: 4,200
- ஜனவரி–மார்ச்: 2,400

இப்பிரிவினை மூன்று செய்திகளை முன்கூட்டியே காட்டுகிறது. முதலாவது, தீபாவளிக் காலாண்டுக்கு மட்டும் துணி முதல் பை வரை 5,67,000 ரூபாய் முதலீடு தேவை. அதில் துணிக்கான பணம் ஆவணி, புரட்டாசியிலேயே வேண்டும். இரண்டாவது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊர் செல்வதால் பவர்டேபிள், சாயப்பட்டறை, அச்சுப் பட்டறை எல்லாம் சில நாள்கள் நிற்கும். அக்காலாண்டில் 70 நாள்கள் வேலை நடந்தால் நாளொன்றுக்கு 60 பீஸ் வேண்டும். ஆண்டுச் சராசரியான 40 பீஸுக்கு ஏற்ப ஏற்பாடு செய்தவர் அப்போது திணறுவார். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக் காலமும் இதுவே. ஈரப்பதத்தில் அச்சு காய்வது தாமதமாகும். எனவே ஒரு பகுதியை முந்தைய காலாண்டிலேயே அச்சிட்டு வைப்பது நல்லது.

படைப்பு சார்ந்த இலக்குகள்

ஒரு வடிவம் விற்குமா என்பது படைப்பவரின் கையில் இல்லை. எத்தனை வடிவங்களை வரைந்து, அச்சிட்டுப் பார்த்து, வாங்குபவரிடம் காட்டினோம் என்பது அவர் கையில் இருக்கிறது. ஆகவே படைப்பு இலக்கு இரண்டு வகையாக வைக்கப்படுகிறது.

செயல் இலக்கு: மாதம் 4 புதிய வடிவங்கள் வரைதல், வாரத்தில் ஒரு நாள் வடிவமைப்புக்கென ஒதுக்குதல், காலாண்டுக்கு 5 புதிய கடைகளுக்கு மாதிரி காட்டுதல் போன்றவை.

விளைவு இலக்கு: மறுமுறை கேட்கப்பட்ட வடிவங்கள், திரும்பி வந்த வாடிக்கையாளர்கள், விற்காமல் தேங்கிய பீஸ் போன்றவற்றின் எண்ணிக்கை.

செயல் இலக்கு நிறைவேறியும் விளைவு இலக்கு தவறினால், வடிவமோ விலையோ சந்தையோ மாற வேண்டும். செயல் இலக்கே நிறைவேறவில்லையெனில் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பட்டறை வைத்தவர் பெரும்பாலும் பார்சல் கட்டுவதிலும் பவர்டேபிளுக்கு நடையாக நடப்பதிலும் நாளைக் கழித்துவிடுவார், வரைய நேரமிருக்காது. அதன்பின் அவரது பட்டறைக்கும் கூலிக்கு அச்சிடும் பட்டறைக்கும் வேறுபாடு குறைந்துவிடும்.

கண்காணிக்கும் முறை

சிறு தொழிலுக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டோ கைப்பேசியில் ஒரு விரிதாளோ போதும். பதிவு எளிதாக இருந்தால்தான் தொடரும்.

- நாள்தோறும்: அச்சிட்டது, விற்றது, வந்த பணம், போன பணம்.
- வாரந்தோறும்: யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக, கையிருப்புத் துணி, கெட்டுப்போன பீஸ்.
- மாதந்தோறும்: ஒரு பீஸுக்கு உண்மையில் மிஞ்சியது எவ்வளவு.
- காலாண்டுதோறும்: இலக்கு, நடந்தது, காரணம், அடுத்து மாற்றப்போவது ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுதல்.

மாதக் கணக்கில் மிஞ்சும் தொகையைப் பார்ப்பது கட்டாயம். நூல் விலையும் தையல் கூலியும் ஏறும்போது விற்பனை விலை உடனே ஏறுவதில்லை. மிஞ்சுவது 45-லிருந்து 40 ரூபாயானால் தேவையான எண்ணிக்கை 13,500 பீஸாகிவிடும். இதைக் கவனிக்காதவர் பழைய 12,000-ஐ எட்டி மகிழ்வார். ஆனால் 60,000 ரூபாய் குறையும். சேமிப்புக்கென வைத்த தொகை அப்படியே இதில் போய்விடும்.

பாக்கி வசூல்

சிறு பட்டறைகளை முடக்குவது பெரும்பாலும் விற்பனைக் குறைவல்ல, வராத பணமே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தீபாவளிக் காலாண்டின் விற்பனை 7,56,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு கடையில் தங்கிவிட்டால் 2,52,000 ரூபாய். குடும்பத்துக்கென ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கிய தொகையைவிட இது அதிகம். நோட்டில் இலக்கு நிறைவேறியிருக்கும். வீட்டில் பணம் இருக்காது. ஆகவே "விற்றது" என்பதற்குப் பக்கத்தில் "வந்தது" என்ற தனி இலக்கு அவசியம்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குரிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்திலும், இக்காலத்துக்குள் தராத தொகையை வாங்குபவர் பணம் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்குத் தேவையான உத்யம் பதிவு 2020 ஜூலையில் தொடங்கப்பட்டது. இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம்.

வரி வரம்பையும் இலக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய். கூலிக்கு அச்சிடுவது சேவை என்பதால் வரம்பு 20 இலட்சம். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்பவர் பொதுவாக இவ்வரம்பைக் கணக்கில் கொள்ளாமலே பதிய வேண்டும்.

வரம்புகள்

ஆண்டு இலக்கு என்பது மாற்றக்கூடாத சபதமன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, மாசுபாட்டில் நேரடிப் பங்கில்லாத தையல், அச்சுத் தொழில்களும் பாதிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டில் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கி உற்பத்தி செய்வது ஆபத்து. மேல்படியிலிருந்து நடுப்படிக்கு, தேவையானால் கீழ்ப்படிக்கு இலக்கை இறக்கி, காரணத்தை நோட்டில் எழுதி வைப்பதும் கண்காணிப்பின் பகுதியே.

எண்ணில் அடங்காதவையும் உண்டு. கைத்திறன் முதிர்வது, வாங்குபவரின் நம்பிக்கை, வேலை செய்பவரின் உடல்நலம் ஆகியவை ஓர் ஆண்டுக் கணக்கில் முழுமையாகத் தெரியா. எனினும், மார்ச் முடிவில் நான்கு காலாண்டுப் பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, எந்த வடிவம் பட்டறையைக் காத்தது, எந்த வாடிக்கையாளரின் பாக்கி அதை அசைத்தது என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கான இலக்கு அப்பக்கங்களிலிருந்தே தொடங்குகிறது.