அஞ்சு சுத்து மழை... அப்புறம்?

கோயமுத்தூர்க்காரரிடம் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், மூன்றாவது வாக்கியத்தில் 'எங்க ஊரு கிளைமேட்டுங்க...' என்று வந்து நிற்பார். சிறுவாணித் தண்ணீர் நாலாவது வாக்கியம்!

பெருமைப்பட நியாயம் இருக்கிறது. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் சூலூரில் மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கும் புழுதியை நம் கண்ணில் போட்டுவிட்டுப் போகும். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஜனவரி காலையில் ஊட்டிப் புல் மேல் உறைபனி. மழை, வெயில், புழுதி, பனி... நாலுமே பைக்கில் போய்வரும் தூரம்தான், பெட்ரோலுக்கு ஆள் இருந்தால்!

இந்த நாலையும் ஆயுதமாக வைத்துச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. போக்கிமான்.

'அட, அது சின்னப் பசங்க சமாசாரமாச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பிக்காச்சு என்ற மஞ்சள் எலியைப் பார்த்து வளர்ந்த பையன்கள், இன்று பீளமேட்டு ஐ.டி. கம்பெனிகளில் உட்கார்ந்து ஹோம் லோன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2016 டிசம்பரில் 'போக்கிமான் கோ' இந்தியாவுக்கு வந்தபோது, செல்போனை நீட்டிப் பிடித்தபடி ரேஸ்கோர்ஸில் வாக்கிங் போகிறவர்கள் மேல் மோதியதும் இவர்களே. ஆனால் நான் சொல்வது தெருவில் பிடிக்கிற ஆட்டம் அல்ல. மூளையைக் கசக்கும் போட்டி ஆட்டம். 2009-லிருந்து, கொரோனா வருஷங்கள் தவிர, இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஆறு பிராணிகள் கொண்ட ஓர் அணி. எதிரியின் ஆறு பேரைப் பார்த்துவிட்டு, நம் ஆறில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. சுற்றுக்குச் சுற்று அடி, தடுப்பு, ஆள் மாற்றம். சீட்டாட்டமும் சதுரங்கமும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி!

இதில் வானிலை நுழைந்தது 1999-ல். மழை பெய்தால் தண்ணீர் அடி ஒன்றரை மடங்கு, நெருப்பு அடி பாதி. வெயில் என்றால் அப்படியே தலைகீழ். புழுதிப் புயலில் பாறை, மண், இரும்பு இனங்கள் தவிர எல்லோருக்கும் சுற்றுக்குச் சுற்று உயிரில் பதினாறில் ஒரு பங்கு போய்விடும். நாலாவதான பனி 2002-ல் வந்தது. முதலில் ஆலங்கட்டியாக அடித்துக்கொண்டிருந்தது. 2022-ல்தான் பனிப்பொழிவாக மாறி, பனி இனத்தாருக்குக் கம்பளி போர்த்திவிட ஆரம்பித்தது.

அதே 2002-ல் இன்னொரு புதுமை. சில பிராணிகள் களத்தில் கால் வைத்தாலே வானிலை மாறும். மந்திரம், தந்திரம் ஒன்றும் வேண்டாம். வேறொருவர் வந்து மாற்றும் வரை அது அப்படியே இருக்கும். 2010-ல் சாதாரணத் தவளை ஒன்றுக்கும் இந்த வரம் கிடைத்தது. வந்தது வினை! எங்கு பார்த்தாலும் மழை அணிகள். கடைசியில் 2013-ல் கத்தரி போட்டார்கள். இனி யார் வந்தாலும் ஐந்தே சுற்று. தனியாக ஒரு கல்லைக் கையில் கொடுத்து அனுப்பினால் எட்டு. அவ்வளவுதான்.

என் அக்கா மகன் ஒரு மழைப் பைத்தியம். வயது இருபத்துநாலு. பகலில் ஆபீஸ், ராத்திரியில் போக்கிமான். அவனுடைய அணியை அறிமுகப்படுத்துகிறேன்.

முதல் ஆள் பெலிப்பர். சிங்காநல்லூர்க் குளத்துக்கு வருமே கூழைக்கடா, அதன் சாயல். இது வந்தால் மழை. மழையில் இதன் சூறாவளி அடி குறி தப்பாது (சாதாரண நாளில் நூற்றுக்கு எழுபது தடவைதான் படும்). இரண்டாவது ஆர்க்கலூடான். இரும்புப் பாலம் எழுந்து நடப்பது போலிருக்கும். இதன் பெரிய மின்சார அடிக்கு ஒரு சுற்று மூச்சுப் பிடிக்க வேண்டும். மழையில் உடனே அடிக்கும். மூன்றும் நாலும் பாஸ்குலீஜியன், கிங்ட்ரா என்ற நீச்சல் வீரர்கள். மழை விழுந்தால் இவர்களுக்கு வேகம் இரண்டு மடங்கு. ஐந்தாவது புல் இனத்துக் குரங்கு ஒன்று. ஆறாவதுதான் தகராறு... இன்சினரோர். குஸ்தி வேஷம் போட்ட நெருப்புப் பூனை.

மழை அணியில் நெருப்புப் பூனையா? மாப்பிள்ளைக்கும் அதே சந்தேகம். "இது தண்டச் சோறுங்க மாமா. மழையில இதோட அடி பாதி ஆயிருது" என்று பூனையைத் தூக்கிவிட்டு, மூன்றாவதாக ஒரு நீச்சல் வீரனைச் சேர்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஆடினான். நான் பக்கத்தில் வேடிக்கை. முதல் இரண்டு ஆட்டம் அபாரம்! மூன்றாவதில் எதிராளி ஓர் ஆமையை இறக்கினார். பெயர் டார்க்கோல். முதுகில் நிலக்கரிப் புகை. இது வந்தால் வெயில்.

இங்கேதான் விளையாட்டின் அழகான விதி ஒன்று இருக்கிறது. இரண்டு வானிலைக்காரர்கள் ஒரே நேரத்தில் இறங்கினால், வேகமானவரின் வானிலை முதலில் வரும்; மெதுவானவரின் வானிலை அடுத்து வந்து அதை அழித்துவிடும். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. ஆமையின் வேகம் 20! மழை வந்தது, அடுத்த நொடியே போனது. சுள்ளென்று வெயில். நீச்சல் வீரர்கள் தரையில் விழுந்த மீன்களானார்கள். தண்ணீர் அடி பாதி, வேகம் பாதி, சூறாவளி நூற்றுக்கு ஐம்பது. மாப்பிள்ளை தோற்றான். அடுத்ததிலும் தோற்றான்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் அப்பா, அதாவது மாப்பிள்ளைக்கு அப்புச்சி, எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"மழை நிக்க மாட்டேங்குதுங்க அப்புச்சி."

"எத்தன நாளு மழ?"

"நாளில்லீங்க. அஞ்சு சுத்து."

"ஓ, பி.ஏ.பி. தண்ணி கணக்கா? செரி, அஞ்சு சுத்து முடிஞ்சா அப்பறம் என்ன பண்ணுவே?"

மாப்பிள்ளையிடம் பதில் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பி.ஏ.பி. என்பது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம். திருமூர்த்தி அணையிலிருந்து வரும் தண்ணீரை நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்து விடுவார்கள். நம் முறை வரும்போதும் தொடர்ந்து ஓடாது. 'இத்தனை சுற்று' என்று அரசு உத்தரவு வரும், இடைவெளி விட்டு வாய்க்காலில் வரும். அதற்குள் பயிரைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கமோ கடைமடை. மழையும் குறைச்சலான பூமி. ஆகவே, சுற்று முடிந்தால் என்ன என்பது எங்கள் ஊரில் விளையாட்டுக் கேள்வி அல்ல.

அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த பதில் கொரங்காடு. கிளுவை முள்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். உழவு கிடையாது, வாய்க்கால் தண்ணீர் கிடையாது. மழை பெய்தால் புல் தழைக்கும். கோடையில் புல் காய்ந்து போனாலும், வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடு மாடுகளுக்குத் தீனியாகும். காங்கயம் காளை என்று நாடே மெச்சுகிற மாடுகள் வளர்ந்தது இந்தக் காட்டில்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் கொரங்காட்டைப் பற்றித்தான் பஞ்சாயத்து. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதை மறுபடி எடுத்தார்.

"ஏனுங்க மாமா, அஞ்சு ஏக்கரா சும்மா கெடக்குது. போர் போட்டுத் தென்னை வெக்கலாமுங்க. இல்லீனா சைட் போட்டு வித்தரலாம். பையனுக்குக் கோயமுத்தூர்ல ஒரு பிளாட் ஆச்சுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பி.காம். படித்தவன்; கணக்குப் புத்தகத்தில் கொரங்காட்டுக்கு நேராக வருமானம் என்று எழுத ஒன்றும் பெரிதாக இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் வருமானப் பக்கம் மட்டும் பார்ப்பவனுக்குப் பாதிக் கணக்குதான் தெரியும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த வருஷம் இந்தப் பக்கம் எத்தனையோ தென்னைகள் மொட்டைக் கம்பமாக நின்றன. மாடுகள் சந்தைக்குப் போய்க் கிடைத்த விலைக்குக் கைமாறின. எங்கள் மாடுகள் மட்டும் தொழுவத்தில்தான் இருந்தன. காரணம், அந்தச் 'சும்மா' கிடந்த ஐந்து ஏக்கர்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. திறந்தது மாப்பிள்ளை.

"அது நம்ம பூனைங்ப்பா!"

மச்சான் மகனை மேலும் கீழும் பார்த்தார். நானும் அவனும் சேர்ந்து விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. இன்சினரோர் என்ற அந்தப் பூனைக்கு மழை வந்தாலும் ஒன்றுதான், வெயில் வந்தாலும் ஒன்றுதான். களத்தில் இறங்கியதுமே முறைத்துப் பார்க்கும். எதிரிகள் இருவரின் அடிபலமும் குறையும். முதல் சுற்றில் கையைத் தட்டி ஓர் எதிரியைத் திகைக்க வைத்துவிடும். அதற்குள் பெலிப்பரைப் பின்னுக்கு இழுத்து, ஆமை தன் வெயிலைக் கொண்டுவந்த பிறகு மறுபடி இறக்கலாம். கடைசியாக வந்தவனின் வானிலைதானே நிற்கும்! பூனை ஜெயித்துத் தராது. ஜெயிக்கிறவன் வரும் வரை தோற்காமல் பார்த்துக்கொள்ளும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது தெரியும். 2016-ல் சான்பிரான்சிஸ்கோவில் உலக சாம்பியனான அமெரிக்கர் வுல்ஃப் க்ளிக்கின் அணியில், அடைமழை கொண்டுவரும் கையோக்ர் என்ற கடல் பூதம் இருந்தது. அதே அணியில் ரெக்வேசா என்ற பச்சை டிராகனும் இருந்தது. அதன் இயல்பு என்ன தெரியுமா? மெகா அவதாரம் எடுக்கும் வரை, அது நிற்கும் களத்தில் யாருடைய வானிலையும் எடுபடாது. எதிரியின் வெயிலும் செல்லாது, சொந்த மழையும் செல்லாது! மழையை நம்பி வந்தவர், மழை இல்லாமலும் ஆடத் தெரிந்தவராக இருந்தார்.

ஆகவே, வானிலை அணி கட்டப்போகும் தம்பிகளுக்கு இந்த மாமாவின் கணக்கு: ஆறில் ஒருவன் வானிலையைக் கொண்டுவர. மூவர் அதை அனுபவிக்க. மீதி இருவர் வானத்தைப் பார்க்காதவர்கள். அந்த இருவரையும் 'தண்டம்' என்று தூக்கத் தோன்றும், அதுவும் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்த பிறகு ரொம்பவே தோன்றும். தூக்காதீர்கள்.

மாப்பிள்ளை பூனையைத் திருப்பிச் சேர்த்துக்கொண்டான். உடனே எல்லா ஆட்டமும் ஜெயித்துவிட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தோற்கிறான், ஆனால் ஆமையைப் பார்த்ததும் தோற்பதில்லை. கொரங்காடு? மச்சான் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. 'ரெண்டு வருஷம் போகட்டும், பார்க்கலாம்' என்று தள்ளி வைத்திருக்கிறார். அதற்குள் அப்பா வேலியில் இடிந்த இடங்களில் புதுக் கிளுவைப் போத்து நட்டுவிட்டார்!

மாதச் சம்பளக்கார நண்பர்களே, ஒன்றாம் தேதி வருவதும் ஒரு மழைதான். அது எத்தனை சுற்று என்று கம்பெனிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கோ எந்த மாதம் மழை என்று ரமணன் சாரைக் கேட்டாலும் சொல்லமாட்டார். உங்கள் ஆறு பேரில் பூனை யார் என்று இன்றைக்கே ஒருதரம் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அவசரமில்லை. ஆமை மெதுவாகத்தான் வரும்!